சுடாத கால்

ஆடி 3, வெள்ளி

இன்று முப்பிடாதியம்மன் கோயிலில் உச்சிக்காலப் பூசையின்போது நான் விழுந்தேன். அப்போது அங்கே இருந்தவர்கள்: கோயில் கமிட்டிச் செயலாளரான என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம், அவர் அக்காள் பகவதி மைனி, பூசாரி பேச்சிமுத்து, எதிர்வீட்டு வடிவு, வடிவின் மாமியார், மருந்துக்கடை இசக்கி, தேங்காய் உடைக்கிற ஆள், நான். மொத்தம் எட்டுப் பேர். எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. நாளைக்கே எண்பது பேர் நேரில் பார்த்ததாகச் சொல்வார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பூசாரி தீபாராதனை காட்டினார். கும்பிட்டுக் கண்ணை மூடினேன். மூடிய உடனே காலுக்குக் கீழே தரை இல்லை. இப்படியும் அப்படியும் ஆடினேன். கம்பியைப் பிடிக்கப் போனேன். பிடித்தேனா இல்லையா என்று கைக்கே தெரியவில்லை. விழுந்துவிட்டேன்.

வடிவின் மாமியார் குலவை போட்டாள். "யம்மா, தாயி, எறங்கிட்டியா!" என்று என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள்.

"சாமியெல்லாம் இல்ல. காலு நிக்க மாட்டேங்கு" என்றேன்.

"சாமி வந்தவுகளுக்கு அது தெரியாதுல்லா" என்றாள் மைனி. வந்தது என்று சொன்னாலும் வந்தது. வரவில்லை என்று சொன்னாலும் வந்தது.

இவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "ஆடி வெள்ளியில்லா" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் விழுந்ததற்கு!

முப்பத்து நான்கு வருடமாக அவள் முன்னால் நிற்கிறேன். ஒரு நாள் வரமாட்டாளா என்று நின்ற காலமும் உண்டு. வந்தால் எனக்குத் தெரியாதா?

பால் ஒன்றரை லிட்டர். இவருக்குக் காப்பி இரண்டு, மைனிக்கு இரண்டு, அம்மனுக்குக் கால் லிட்டர், உறைக்கு அரை லிட்டர், பூனைக்கு ஒரு கரண்டி. மீதியில்லை. மகன் ஆவுடை போன் பண்ணவில்லை. வேலை இருக்கும்.

ஆடி 4, சனி

கோலம் கோணிவிட்டது. பதினொரு புள்ளிக் கோலத்தைப் பார்க்காமல் போடுகிற கை. மாவு விரலிலிருந்து எப்போது விழுகிறது என்று தெரியவில்லை. அழித்துவிட்டுத் தண்ணீர் தெளித்ததோடு விட்டேன்.

ஆடி 7, செவ்வாய்

காலை எட்டு மணிக்குக் கோலப்பொடி டப்பாவை மூடுவதற்குள் வாசலில் மூன்று பெண்கள். ஒருத்தி கையில் எலுமிச்சம்பழம், ஒருத்தி கையில் பூ. மூன்றாமவள் மகளுக்கு வரன் தகையவில்லையாம், ஒரு வாக்கு வேண்டுமாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, போங்க" என்றேன்.

மைனி உள்ளேயிருந்து வந்து, "அம்மா மலை ஏறியிருக்கா. வெள்ளிக்கெழம வாங்க" என்று அனுப்பினாள். எலுமிச்சம்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஊறுகாய்க்கு ஆகுமாம்.

இவரிடம் சொன்னேன். உள்ளங்கால் இரண்டும் ஒன்றரை வருடமாக எரிகிறது. எறும்பு ஊர்கிற மாதிரி இருந்து, இப்போது கணுக்கால் வரை துணி சுற்றிய மாதிரி இருக்கிறது. நாக்கு வழுவழுத்துப் போய்க் கொஞ்சம் காரம் பட்டாலும் தீயாய் எரிகிறது. இதெல்லாம் புதிதில்லை, மேலத்தெரு டாக்டரிடம் போனபோதே இருந்தது. அவர் சர்க்கரை பார்த்தார், இல்லை. "டென்ஷன்ம்மா, மனச லேசா வச்சுக்கோங்க" என்று தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். தூங்கினேன். கால் தூங்கவில்லை.

"அதத்தானே நானும் சொல்லுதேன்" என்றார் இவர். "ஒனக்கு ஒடம்புல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லியாச்சு. அப்ப இது என்ன?"

பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கேள்வி முடிந்துவிட்டது.

ஆடி 9, வியாழன்

இசக்கி கடையில் கேஸ் மாத்திரை ஒரு அட்டை. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. மூன்று வருடமாக இதே மாத்திரைதான்.

ஆடி 10, வெள்ளி

கண்ணை மூடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு கோயிலுக்குப் போனேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கும்பிட்டேன். அப்படிக் கும்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. தீபம் காட்டினதும் கண் தானாக மூடிக்கொண்டது. ஆடினேன். விழுவதற்கு முன்னாலேயே குலவை வந்துவிட்டது. இந்த முறை முப்பது பேராவது இருப்பார்கள், எண்ண முடியவில்லை.

மைனி வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டாள். சாமி வருகிற உடம்பு சுத்தமாக இருக்க வேண்டுமாம். ராத்திரிச் சாப்பாடு கூடாது, இரண்டு வாழைப்பழம் மட்டும். நான் ஏற்கெனவே வெள்ளி, செவ்வாய், கிருத்திகை, சஷ்டி எல்லாம் ஒரு பொழுதுதான். இனி எல்லா நாளும்.

"மைனி, எனக்குத் தல சுத்துது."

"அதான் அருளு."

இன்று இட்லிக்கு அரிசி நான்கு உழக்கு, உளுந்து ஒரு உழக்கு நனைத்தேன். நனைக்கவும் ஆட்டவும் மட்டும் என் உடம்பு சுத்தம் போதும்போல.

ஆடி 13, திங்கள்

கடையிலிருந்து காய் வாங்கி வந்துகொண்டிருந்தேன். வடிவு பின்னாலேயே ஓடி வந்து, "யக்கா, ஒங்க செருப்பு!" என்றாள். என் இடது கால் செருப்பு தெருமுக்கில் கிடந்ததாம். அங்கிருந்து வீடு வரை ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் வெறுங்காலோடும் வந்திருக்கிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, ரோடு கொதிக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

வடிவு சின்னப்பெண். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அது பக்தியாக இல்லை, பயம்.

அந்தப் பார்வை ஒன்றுதான் இத்தனை நாளில் எனக்கு நியாயமாகப் பட்டது.

ஆடி 15, புதன்

சோறு வடிக்கும்போது தட்டு நழுவி வடிகஞ்சி இடது காலில் கொட்டிவிட்டது. ஆவி பறக்கிற கஞ்சி. நான் பாட்டுக்குப் பானையை நிமிர்த்தி, கஞ்சியைத் துடைத்து, ரசத்துக்குப் புளி கரைத்து, தாளித்தும் விட்டேன். இவர் சாப்பிட வந்தவர்தான், "என்னளா இது, காலு!" என்று கத்தினார். புறங்கால் முழுக்கக் கொப்புளம், ஒரு பப்படம் அகலத்துக்கு.

அப்போதுதான் பார்த்தேன். பார்த்த பிறகும் வலிக்கவில்லை.

என் கால் என்னிடம் இல்லை.

மைனி வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கொப்புளத்தைப் பார்த்து!

"கொதிக்கக் கொதிக்க ஊத்தியும் சுடலயே தம்பி" என்றாள் மைனி.

திருநீறு பூசினார்கள். நான் போய்த் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டேன். அப்பளம் கருகிவிட்டது.

ஆடி 16, வியாழன்

கமிட்டி கூடியிருக்கிறது. கடைசி ஆடி வெள்ளியன்று பூக்குழி. எப்போதும் ஆண்கள்தான் இறங்குவார்கள். இந்த வருடம் முதலில் நான் இறங்க வேண்டும் என்று தீர்மானமாம். என்னைக் கேட்கவில்லை. நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுத்தாயிற்று.

"நெருப்புல எறங்கச் சொல்லுதீங்க" என்றேன் இவரிடம்.

"ஒனக்குத்தான் சுடாதே" என்றார். கேலியில்லை, மனதாரச் சொல்கிறார். அதுதான் எனக்கு ஆத்திரம். கேலி செய்திருந்தால் திட்டியிருக்கலாம்.

பூக்குழியில் இறங்குகிறவர்கள் எப்படி இறங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சுடுகிறது, அதனால் விறுவிறுவென்று தாண்டி வந்துவிடுகிறார்கள். சுடாத காலுக்கு எப்போது ஓட வேண்டும் என்று தெரியுமா? அதுவும் நடக்கும்போதே தடுமாறுகிற கால். குழி பதினெட்டு அடி.

பாயசத்துக்குப் பால் முக்கால் லிட்டர் கூடுதல். கமிட்டி ஆட்கள் ஒன்பது பேர் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன்.

ஆடி 18, சனி

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சை, புளி, தேங்காய், எள் என்று நான்கு சாதம். தயிர்ச்சாதம் மைனி பிசைந்தாள். ஆற்றுக்கு எல்லாரும் போனார்கள். நான் போகவில்லை. கொப்புளம் உடைந்து நீர் வடிகிறது. அதில் ஈ உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் விரட்டுகிறேன்.

ஆடி 20, திங்கள்

கீரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சாமி முன்னால் பொய் சொன்னதில்லை. இது வீட்டு ஆட்களிடம்தானே.

கட்டுப்போடுகிற நர்ஸ் பெயர் ஜெபராணி. ஐம்பது வயதிருக்கும், பேச்சு நிற்காது. புண்ணைத் துடைத்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"யக்கா, வலிக்கலியா?"

"இல்ல."

"நான் போடுத மருந்துக்கு ஆம்பளையாளே அய்யோம்பான். எழுந்திருங்க. காலச் சேத்து வச்சு நில்லுங்க. கண்ண மூடுங்க."

மூடினேன். விழுந்தேன். அவள் இரண்டு கையையும் விரித்துத் தயாராக நின்றிருந்தாள், பிடித்துக்கொண்டாள்.

குலவை போடவில்லை. "டாக்டரம்மா, இங்கன வாங்களேன்" என்று கத்தினாள்.

"எங்க வீட்டுல இத அம்மன்னு சொல்லுதாங்க" என்றேன்.

"நான் வேதக்காரி யக்கா, ஒங்க அம்மனப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா நரம்பு ஒங்களுக்கும் எனக்கும் ஒண்ணுதான்."

மூன்று வாரத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது அழுகையும் சேர்ந்து வந்து தொலைத்தது.

டாக்டரம்மா சின்ன வயது. பஞ்சால் தொட்டாள், குண்டூசியால் குத்தினாள், ஒரு கம்பியைத் தட்டிக் கணுக்காலில் வைத்து அதிருதா என்றாள். எதுவும் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னாள். இமையை இழுத்துப் பார்த்தாள். அப்புறம், "தினமும் என்ன சாப்பிடுவீங்க?" என்றாள்.

இவர் என்ன சாப்பிடுவார், மைனிக்கு என்ன ஆகாது, பூனைக்கு எத்தனை கரண்டி, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. நான் என்ன சாப்பிடுகிறேன்?

"கறி, மீன், முட்டை?"

"நாங்க சைவம்."

"பால், தயிர்?"

"நேர்ச்சை. தொடுறதில்ல."

"எத்தனை வருஷமா?"

"பாத்துச் சொல்லுதேன்" என்றேன். "எங்கிட்ட கணக்கு இருக்கு."

"கவலை ஏதும் உண்டா?"

"வீட்டுல மூணு பேரு இருக்கோம். கவல நாலு."

ரத்தம் எடுத்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று டாக்டரம்மா கேட்டாள். கேஸ் மாத்திரை அட்டையைக் காட்டினேன். "இத மூணு வருஷமாவா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கீரை வாங்க மறந்துவிட்டேன். மைனி கேட்டாள். நல்ல கீரை இல்லை என்றேன்.

ஆடி 21, செவ்வாய்

பழைய நோட்டுகளை இறக்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பொட்டலம் மடித்த தாளைப் படித்துப் படித்து எழுதக் கற்றவள். ஆனால் கணக்கில் ஒரு நாள் விட்டதில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால், தை 14. அன்றைய பக்கத்தில் இருக்கிறது: "திருச்செந்தூர். முருகனுக்கு நேர்ந்தது. ஆவுடையப்பனுக்கு நல்ல வேலை கிடைத்தால் அவன் முடி காணிக்கை. முடி கொடுக்கும் வரை நான் பால், தயிர், மோர், நெய் தொடுவதில்லை."

அடுத்த பக்கத்திலிருந்து என் பெயருக்கு நேராக ஒரு கோடு. அதற்கும் அடுத்த மாதத்திலிருந்து என் பெயரே இல்லை. நானே எழுதாமல் விட்டிருக்கிறேன். எதற்கு வெறும் கோடு என்று நினைத்திருப்பேன்.

அந்த ஆவணியிலேயே வேலை கிடைத்துவிட்டது. அவன் ஐதராபாத் போய்விட்டான்.

மொட்டை போட அவன் வருகிறேன் என்று சொன்ன தேதிகளையும் தேடி எழுதினேன். முதல் பொங்கல்: ஆபீசில் புதிது, மொட்டைத் தலையோடு போனால் நன்றாயிருக்காது. சித்திரை: லீவு இல்லை. தீபாவளி: வந்தான், ஒன்றரை நாள், திருச்செந்தூருக்கு நேரமில்லை. அடுத்த தை: நண்பன் கல்யாணம், போட்டோ எடுப்பார்கள். இப்படிப் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே பக்கத்தில் "தலையணை உறை துவைத்தது, அதிரசம் நாற்பது" என்று இருக்கிறது. அவன் வந்த தீபாவளி போக, பத்து முறை அதிரசம் தெருவுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "அவன் வரும்போது பாத்துக்கிடலாம்" என்பார். அவருக்கு என்ன, தயிர் தினமும் வருகிறது.

ஆடி 23, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. பி12 என்கிற சத்து. இருநூறுக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு எண்பத்தாறு.

டாக்டரம்மா சொன்னதை மறந்துவிடாமல் எழுதுகிறேன். நரம்புக்கு மேலே உறை இருக்கிறது, மின்சார வயருக்கு இருக்கிற மாதிரி. அந்த உறை கெடாமல் இருக்க இந்தச் சத்து வேண்டும். உறை கெட்டால் கால் எங்கே நிற்கிறது என்று காலுக்குத் தெரியாது, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்; அதனால்தான் கண்ணை மூடியதும் விழுகிறேன். கீரை, பருப்பு, அரிசி எதிலும் இது கிடையாது. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான். நான் அதையும் அடைத்துவிட்டேன். ஈரலில் சேர்த்து வைத்திருந்ததை உடம்பு மூன்று நான்கு வருடம் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது. இருந்த கொஞ்ச நஞ்சமும் உடம்பில் ஒட்டாதபடி கேஸ் மாத்திரை வேலை பார்த்திருக்கிறது. கேஸ் எதனால்? வெறும் வயிற்றில் பாலில்லாத கடுங்காப்பி, பட்டினி. பட்டினி எதனால்? விரதம். அதற்கு மேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப டென்ஷன் இல்லியா?" என்றேன்.

"டென்ஷனும் உண்டும்மா. கவலையில பசி எடுக்காது, தூக்கம் வராது, இருக்குற எரிச்சல் ரெண்டு மடங்காத் தெரியும். ஆனா கவலையால மட்டும் வெந்நீர் சுடாமப் போகாது."

ஊசி ஏழு நாள் தினமும், அப்புறம் வாரம் ஒன்று. கால் முழுக்கத் திரும்புமா என்று கேட்டேன். ஆறு மாதம் ஆகலாம், எவ்வளவு திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கைத்தடியோடுதான் என்றாள். பாலும் இன்றைக்கே ஆரம்பிக்கச் சொன்னாள்.

"அது முடியாது. நேர்ச்சை."

"வேலை கெடச்சு அஞ்சு வருஷம் ஆகப் போகுதே, இன்னும் ஏன் முடிக்கல?"

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா.

எரிச்சல், கோபம், மறதி இவையும் இந்தக் குறைவால் வரலாம் என்றாள் கடைசியாக. அதை மட்டும் வீட்டில் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். காகிதத்தில் எழுதியிருந்ததை இவர் படித்துவிட்டார்.

"பாத்தியா! ஒன் கோவமெல்லாம் சத்துக் கொறவாம். ஊசி போட்டா போயிரும்" என்று சிரித்தார். மீதியை? மீதியைப் படித்தார், மடித்தார், கொடுத்தார். "ரத்தத்துல இருக்கது ரத்தத்துல. அம்மன் காரியம் வேற. நோட்டீஸ் ஒட்டியாச்சு."

ஆடி 24, வெள்ளி

முதல் ஊசி. ஜெபராணி போட்டாள். வலித்தது. இடுப்பில் வலித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளை நான் ஒருத்திதான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் பூசாரி மஞ்சள் கயிறோடு காப்புக் கட்ட உட்கார்ந்திருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் விட்டத்தைப் பார்த்தார். மைனி கயிறை வாங்கிச் சாமி படத்தில் மாட்டினாள். "அன்னைக்குக் கட்டிக்கிடலாம். தானா கை நீட்டுவா பாருங்க."

ஆவுடைக்கு நானே போன் போட்டேன். கால் கொஞ்சம் மரத்திருக்கிறது, ஊசி போடுகிறேன் என்றேன். பூக்குழியைப் பற்றிச் சொல்லவில்லை.

"யம்மா, பாலக் குடியேன். இதெல்லாம் யாரு பாக்கா?" என்றான்.

யார் பார்க்கிறார்களா? நான் பார்க்கிறேன்.

"நீ எப்ப வாரே?"

"தீவாளிக்குப் பாப்போம்மா. மீட்டிங் இருக்கு, வைக்கட்டா?"

வைத்துவிட்டான்.

ஆடி 28, செவ்வாய்

ஐந்தாவது ஊசி. கால் எரிச்சல் கூடியிருக்கிறது. செத்துக் கிடந்தது முழிக்கும்போது அப்படித்தான் என்கிறாள் ஜெபராணி. எரியட்டும்.

தேங்காய் எட்டு, மாவிளக்குப் பச்சரிசி இரண்டு படி. வேப்பங்கட்டை இரண்டு வண்டி கோயிலில் இறங்கியாயிற்று. வடிவு மாவு சலிக்க வந்தவள், "யக்கா, எறங்கவா போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். "மாவச் சலி" என்றேன்.

ஆடி 31, வெள்ளி

ஆற அமர எழுத வேண்டும்.

கடைசி வெள்ளி. கோயிலுக்குப் போகாமல் இருக்கலாம் என்று யாராவது கேட்கலாம். ஏன் இருக்க வேண்டும்? அவள் என் அம்மன். கட்டுப்போட்ட காலோடு பட்டுச் சேலை கட்டி, மாவிளக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் ஐந்து மணி. குழி தணல் பரப்பித் தயாராக இருந்தது. பத்தடி தள்ளி நிற்கும்போதே முகம் காந்தியது. கால் காந்தவில்லை.

கூட்டம் வழி விட்டது. பூசாரி காப்புக் கயிறோடு வந்தார். நான் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "எனக்குச் சாமி வரல. ஒடம்புல சத்து இல்ல. நரம்பு கெட்டுப் போச்சு. டாக்டரு எழுதிக் குடுத்திருக்காங்க."

குலவை.

"கேளுங்க! சாமி இல்லன்னு சொல்லுதேன்!"

இன்னும் பெரிய குலவை. "தாயி கோவமா இருக்கா! மஞ்சத்தண்ணி கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். நான் கத்தக் கத்த அவர்களுக்குப் பக்தி கூடியது. வடிவின் மாமியார் சாஷ்டாங்கமாக விழுந்தாள். என் கோபத்தைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டார்களா? வீட்டில் அது சத்துக் குறைவு, இங்கே அது அம்மன். என்னுடையது என்று அதை ஒப்புக்கொள்ள ஊரில் ஒரு நாதியில்லை.

அப்போது பேச்சிமுத்து பூசாரி முறைப்படி கேட்டார்: "தாயி, குழியில எறங்குதியா? உத்தரவு குடு."

எனக்கு மனம் சட்டென்று அடங்கிவிட்டது. இவரைப் பார்த்தேன். தோளில் பச்சைத் துண்டு, கமிட்டி பேட்ஜ், நெற்றி நிறைய திருநீறு.

"இந்தாங்க, இங்க வாங்க" என்றேன். வந்தார்.

"செருப்பக் கழத்துங்க. நீங்க முன்னால எறங்குங்க. ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டு நான் பின்னால வாரேன். எனக்குக் கால் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும்லா, சுட்டாச் சொல்லுங்க, ஓடிரலாம்."

குலவை நின்றுவிட்டது. தணல் வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இவர் குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் காப்புக் கட்டலியே" என்றார்.

"கயிறு பூசாரி கையில இருக்கு. கட்டச் சொல்லுங்க."

ஒரு அடி பின்னால் வைத்தார். ஒரே ஒரு அடி. ஊரே பார்த்தது.

மைனி, "ஏளா, புருசன நெருப்புல எறங்கச் சொல்லுத?" என்றாள்.

"பொண்டாட்டியச் சொல்லலாமோ?" என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். வடிவு. அவள் மாமியார் தரையில் படுத்தபடியே அவளை முறைத்தாள்.

பூசாரி விவரமான ஆள். கயிறை அம்மன் காலடியில் போட்டு, "தாயி இந்த வருசம் பொம்பளைக்கு உத்தரவு குடுக்கல!" என்று சத்தமாகச் சொன்னார். ஆக, நான் மாட்டேன் என்றதும் அவள் சொன்னதாகவே ஆனது. போகட்டும்.

மாவிளக்கை ஏற்றி வைத்தேன். தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக் கும்பிட்டேன். விழவில்லை. தூணுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆவணி 1, சனி

இவர் பேசவில்லை. காப்பியைத் தானே போட்டுக் குடித்தார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கிறது. நான் துடைக்கவில்லை.

ஆவணி 4, செவ்வாய்

ஏழு ஊசியும் ஆயிற்று. இன்று துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது இடது கால் பெருவிரலில் ஒரு கல் குத்தியது. நின்று, எடுத்துப் பார்த்தேன். மிளகு அளவுதான் இருக்கும். முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன்.

கோபம் குறையவில்லை. இவரிடமும் அதைச் சொன்னேன். இன்றைக்கு ஏன் ரசத்தில் உப்புக் கூடுதல் என்று கேட்டார், நான்கு நாளில் முதல் பேச்சு. "ஊசி அதுக்கில்ல" என்றேன்.

நோட்டில் இன்றிலிருந்து என் பெயர் எழுதியிருக்கிறேன். இட்லி மூன்று, சாம்பார். மதியம் சோறு, கீரை, அவியல். ராத்திரி தோசை இரண்டு. பால்: இல்லை.

ஆவணி 6, வியாழன்

ஆவுடைக்கு எழுதிய கடிதத்தின் நகல். போனில் சொன்னால் மீட்டிங் வந்துவிடும். அதனால் கடிதம்.

அன்புள்ள ஆவுடையப்பனுக்கு, அம்மா எழுதுவது. முருகன் துணை.

என் கால் மரத்ததைப் போனில் கொஞ்சமாகச் சொன்னேன். கொஞ்சம் இல்லை. கொதிக்கிற கஞ்சி கொட்டியும் தெரியாத அளவுக்கு மரத்தது. அந்தக் காலோடு என்னைப் பூக்குழியில் இறக்கப் பார்த்தார்கள். இறங்கவில்லை. விவரத்தை உன் அப்பாவிடம் கேள். அவர் சொல்ல மாட்டார். எதிர்வீட்டு வடிவு சொல்வாள்.

ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்தவன் நீ, பார்த்துக்கொள். ஐந்து வருடம் ஏழு மாதமாக நான் பால், தயிர் தொடவில்லை. அதை யாரும் என்மேல் சுமத்தவில்லை, நானே வாயைக் கொடுத்தேன். முருகன் உடனே கொடுத்துவிட்டான். அவன் பேரில் குறையில்லை. உன் முடிதான் வரவில்லை.

போன மாதம் அனுப்பிய போட்டோவில் பார்த்தேன், உனக்கு முன்நெற்றி ஏறிவிட்டது. நீ கொடுக்காததை முருகன் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறான். இன்னும் இரண்டு வருடம் போனால் காணிக்கைக்கு ஒன்றும் மிஞ்சாது.

நேர்ச்சையை முறிக்க மாட்டேன். பாலைக் குடித்துவிட்டு யார் பார்க்கிறார்கள் என்று இருக்க என்னால் ஆகாது. ஆனால் உன் தலைமுடிக்காக என் காலைக் கொடுக்கவும் மாட்டேன். இவ்வளவு நாள் காத்திருந்ததில் என் தப்பும் உண்டு. நீ வருவதற்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இனி அந்தக் காரணம் வேண்டாம். வருவதானால் சும்மா வா.

ஆவணி இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை திருச்செந்தூருக்குப் போகிறேன். காலை ஆறு மணி பஸ். வடிவு துணைக்கு வருகிறாள். நீ வந்தால் உன் முடி. நீ வராவிட்டால் என் முடி. நுனியில் கத்தரிக்கிற பூமுடி இல்லை, முழு மொட்டை. சுமங்கலி மொட்டை போடலாமா என்று உன் அத்தை வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். அழட்டும். எது நடந்தாலும் அன்று மத்தியானம் கோயில் வாசலில் ஒரு டம்ளர் பால் குடிப்பேன்.

அதிரசம் சுடவில்லை. வருவதாக எழுதினால் சுடுவேன்.

நீண்ட கடிதம் வேண்டாம். வருகிறேன், அல்லது வரவில்லை, ஒரு வரி போதும். அடுத்த புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா,
கு. உலகம்மாள்.